எப்பவும் இடது கை

எங்க வீட்டுக்காரருக்கு டிப்போவுல வச்ச பேரு ஹாரன். அவர் தும்மினா பஸ்ஸுக்குத் தனியா ஹாரனே வேண்டாம், முன்னாடி போற சைக்கிள்காரன் தானா ஒதுங்கிடுவான்னு ஒரு கண்டக்டர் ஆரம்பிச்சு வச்ச பேரு அது. ஒரு தும்மலோட நிக்கவும் நிக்காது. ஏழு, எட்டு, பத்துன்னு போகும். கண்ணு ரெண்டும் தக்காளியாச் சிவந்து, மூக்கு ஒழுகி, கடைசியில மூச்சு இழுக்கும். ஊரே சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். நல்ல மனுஷன்னு நானும் இருபத்தாறு வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன்.

இப்போ அதைச் சொல்ல எனக்கு வாய் வரலை. ஏன்னு சொல்றேன், கேளுங்க.

நான் சோபா தைக்கிறவ. பழைய சோபா, நாற்காலி மெத்தை, வண்டி சீட்டு, எதுவா இருந்தாலும் கிழிச்சு, உள்ள இருக்குற பஞ்சை மாத்தி, புது உறை தச்சுக் குடுப்பேன். தெருவுல என் பேரே சோபாக்காதான். எங்க வீட்டு முன்ரூம்தான் பட்டறை. நடுவுல என் மெஷின். கறுப்பா, கனமா, தோலையும் தார்ப்பாயையும் ஒரே மூச்சுல தைக்கிற பெரிய மெஷின். நாலு ஆள் சேர்ந்தாத்தான் நகரும். யானைன்னு நான்தான் பேரு வச்சேன். என் சொந்தச் சம்பாத்தியத்துல வாங்கினது.

சோபாவைக் கிழிச்சா உள்ள என்னல்லாம் கிடக்கும்னு உங்களுக்குத் தெரியாது. சீப்பு, பேனா மூடி, பல்செட்டு. ஒரு தடவை ஒரு மோதிரம் கிடைச்சுது. திருப்பிக் குடுக்கப் போனா அந்தம்மா, "ஐயோ, இதைத் தொலைச்சிட்டார்னு அவரோட ஒரு வருஷம் பேசாம இருந்தேனே!"ன்னு தலையில கை வச்சு உக்காந்துட்டாங்க. அப்படிப்பட்ட வேலை. ஒரு நாளும் அலுக்காது. யாரும் என்னை ஏன் லேட்டுன்னு கேக்கவும் முடியாது.

பொண்ணு கல்யாணமாகி வெளியூர் போன பிறகு நாங்க ரெண்டு பேர்தான். அந்த வருஷம் அவருக்குத் தும்மல் ரொம்ப ஜாஸ்தியாச்சு. ராத்திரி தூங்கவும் முடியாம எழுந்து உக்காந்துடுவார். ஒரு நாள் காலையில வளைவுல திரும்பும்போது வரிசையாத் தும்மல் வந்து, பஸ் நடைபாதை மேல ஏறி, ஒரு கடையோட போர்டுல இடிச்சு நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா டிப்போவுல கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படின்னா ஸ்டியரிங் பக்கமே வரக் கூடாதுன்னுட்டாங்க. வீட்டுல இருந்த தும்மல் மாத்திரை தூக்கம் வர வைக்கிற ஜாதி, டிரைவர் அதைப் போட முடியாது. மூக்குல அடிக்கிற மருந்து பாதி வேலைதான் செஞ்சுது.

அலர்ஜி டாக்டர்கிட்ட நானும் கூடப் போனேன். கையில வரிசையாச் சொட்டு வச்சுக் குத்திப் பார்த்தாங்க. ஒரு இடத்துல மட்டும் கொட்டைப்பாக்கு அளவுக்குத் தடிச்சுது. வீட்டுத் தூசியில இருக்குற, கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சியாம். மெத்தை, தலையணை, பழைய சோபா, இதெல்லாம் அதுக்கு அரண்மனையாம். டாக்டர் எங்க வீட்டுல என்ன வேலை நடக்குதுன்னு கேட்டார். சொன்னேன். எனக்கு ஏதோ திருடிட்டு மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு.

டாக்டர் பொறுமையாத்தான் சொன்னார். எது ஒத்துக்கலையோ அதையே துளித்துளியா ஊசியில ஏத்துவாங்களாம். வாரா வாரம் அளவைக் கூட்டிக்கிட்டே போனா உடம்பு அதோட சண்டை போடுறதை மெல்ல மெல்ல விட்டுடுமாம். சீக்கிரம் ஆகிற காரியம் இல்ல, குறைஞ்சது மூணு வருஷம். "அது வரைக்கும் அந்த வேலை வீட்டுக்குள்ள வேண்டாம்மா. ஊசி நல்லா வேலை செஞ்சா அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆரம்பிச்சுப் பார்க்கலாம்."

வெளிய வந்ததும் இவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "மூணே வருஷம்தாம்மா. கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். உன் யானையை நானே தூக்கிட்டு வந்து நடு வீட்டுல வைக்கிறேன், பாரு."

கண்ணை மூடினேன். அதுதான் நான் செஞ்ச தப்பு.

யானை எங்க அண்ணன் வீட்டு ஷெட்டுக்குப் போச்சு. நான் ஒரு யூனிஃபார்ம் தைக்கிற ஃபேக்டரிக்குப் போனேன். அங்க எனக்குக் காலர் மட்டும்தான். சட்டை கிடையாது, கை கிடையாது, காலர். காலையில எட்டரைக்கு உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் காலர். பாத்ரூம் போய்ட்டு ரெண்டு நிமிஷம் லேட்டா வந்தா சூப்பர்வைசர் கழுத்துல தொங்குற விசிலை ஊதுவாரு. என் வயசுல பாதி இருக்கும் அந்த ஆளுக்கு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு காலர் தச்சேன். மூணு வருஷம்தானே.

வியாழக்கிழமை இவருக்கு ஊசி நாள். காலை ஷிப்ட் முடிச்சிட்டு அப்படியே போய்ப் போட்டுக்கிட்டு, அங்கயே அரை மணி நேரம் உக்காந்துட்டுத்தான் வரணும். உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா அவங்க கண்ணு முன்னாடி ஆகணும்னு அப்படி ஒரு சட்டம். முதல் சில மாசம் கை வீங்கி, சிவந்து, அரிச்சுக்கிட்டே வருவார். நான் துணியில ஐஸ் கட்டி ஒத்தடம் குடுப்பேன். இவர் "நீ வச்சாத்தாம்மா எரிச்சல் அடங்குது"ம்பார். அப்புறம் வீக்கம் வர்றது நின்னுடுச்சு. குட்டியா வட்டமா ஒரு பிளாஸ்திரி மட்டும்தான் இருக்கும். "உடம்பு பழகிடுச்சு"ன்னார். தும்மலும் குறைஞ்சுது. ஒரு வருஷத்துல ஹாரன்ங்கிற பேரே டிப்போவுல மறந்து போச்சு.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? சொந்தக்காரங்க கூடுற இடத்துல எல்லாம் இவர் சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு ஊசியைப் பத்திப் பிரசங்கம் பண்ணுவார். "பொறுமைதான் மருந்து"ம்பார். நானும் பக்கத்துல நின்னு தலையை ஆட்டுவேன். நடுவுல ஒரு நாள் ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க் கொண்டு வந்தார், யூனியன்ல குடுத்தாங்கன்னு. அவர் தொண்டைக்கு நல்லதுன்னு தினமும் விடியக்காலையில எழுந்து அதுல வெந்நீர் ரொப்பிக் குடுத்தது நான்தான்.

மூணு வருஷம் முடிய ஒரு மாசம் இருக்கும்போது நான் யானைக்குப் புது பெல்ட்டும் எண்ணெயும் வாங்கி அலமாரியில வச்சுட்டேன். பழைய வாடிக்கைக்காரங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டேன். அதைப் பார்த்துட்டு இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "டாக்டர் மூணு போதாதுங்கிறாரும்மா. அஞ்சு ஆனாலும் ஆகுமாம்."

அன்னிக்கு நான் சாப்பிடலை. ஆனா இவர் மேல கோபம் வரலை. பாவம், அவர் என்ன பண்ணுவார்னு நினைச்சேன். பெல்ட்டை அலமாரியில உள்ள தள்ளி வச்சேன். கேக்குறவ கேனையா இருந்தா கேப்பையில நெய் வடியுதுன்னு சொல்வாங்களாம். அந்தக் கேனை நான்தான்.

அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சு, ஒரு வியாழக்கிழமை, ஃபேக்டரியில மெஷின் ஊசி என் ஆள்காட்டி விரல்ல இறங்கிடுச்சு. இருபத்தஞ்சு வருஷத் தொழில்ல ஒரு தடவை கூட நடந்ததில்ல. அன்னிக்கு என்ன யோசனையோ. கிழிஞ்ச துணியைச் சுத்திக்கிட்டு, பக்கத்துல, இவர் ஊசி போட்டுக்கிற அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். மணி மூணு. வலியிலயும் மனசுல ஒரு சின்ன நிம்மதி. இன்னிக்கு வியாழன், அவர் ஊசி போட்டுட்டு பெஞ்சுல உக்காந்திருப்பார், சேர்ந்தே வீட்டுக்குப் போயிடலாம்னு.

ஊசி போடுற ரூமும் அலர்ஜி ஊசிக்காரங்க காத்திருக்குற பெஞ்சும் ஒரே இடத்துலதான். பெஞ்சுல ஆறு பேர். மேஜை மேல அரை மணிக்கு மணியடிக்கிற சின்னக் கடிகாரம் டிக் டிக்னு ஓடிட்டிருக்கு. இவரைக் காணோம். சரி, பாத்ரூம் போயிருப்பார்னு நான் ஓரமா உக்காந்தேன்.

எனக்கு முன்னாடி ஒரு பெரியவர். நர்ஸம்மா அவரோட கார்டைப் பார்த்துக்கிட்டே, "போன தடவை எந்தக் கைங்கய்யா?"ன்னாங்க. "இடது." "அப்போ இன்னிக்கு வலது. ஒரே கையில போட்டுக்கிட்டே இருந்தா வீக்கம் ஆறாது. கை மாத்தி மாத்தித்தான்."

நான் சும்மா கேட்டுக்கிட்டிருந்தேன். அப்புறம்தான் இவர் பிளாஸ்திரியோட வந்து நிக்கிறது ஞாபகம் வந்துச்சு. நாற்காலியில உக்காந்து சட்டையைக் கழட்டுறது, ஃபிளாஸ்க்கைக் கழுவப் போடுறது. இடது கை. போன வாரம் இடது கை. அதுக்கு முந்தின வாரமும் இடது கை. வலது கையில கடைசியா எப்போ பார்த்தேன்னு யோசிச்சேன். ஐஸ் வச்ச காலத்துலதான்.

நர்ஸம்மா என் விரலைக் கழுவிக் கட்டுப் போடும்போது கேட்டேன். "எங்க வீட்டுக்காரர் வந்துட்டுப் போயிட்டாராங்க? பஸ் டிரைவர். தும்மினா தெருவே திரும்பும், அவர்."

அந்தம்மா கை அப்படியே நின்னுச்சு. "அவரா? நீங்க இன்னும் இதே ஊர்லதான் இருக்கீங்களா?"

"ஏன், எங்க போகப்போறோம்?"

"வேற ஊருக்கு மாத்தலாகிட்டதாச் சொன்னாரேம்மா. நாங்க மூணு தடவை போன் பண்ணினோம். ரெண்டரை வருஷத்துக்கு மேல ஆச்சு."

எனக்குப் புரியலை. புரிஞ்சுது, ஆனா ஏறலை. "இல்லீங்க, அவர் வாரா வாரம் வர்றாரே"ன்னு நான் திரும்பவும் சொல்றேன், பைத்தியம் மாதிரி. அவங்க என்னைப் பாவமாப் பார்த்தாங்க. "வாரா வாரம் முதல் ஆறு மாசம்தாம்மா. அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. மூணாவது வருஷத்துல யாரும் வாரா வாரம் வர மாட்டாங்க." இவர் நாலாவது மாசமே நின்னுட்டார் இல்லையா, அந்த மாசக் கணக்கு அவருக்கு எப்படித் தெரியும்? பொய் சொல்ல வந்தவர் பாடத்தை முழுசாப் படிக்காமலே பரீட்சைக்கு வந்துட்டார். அங்கயே எனக்கு ஒரு சிரிப்பு வந்துச்சு. பெஞ்சுல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க.

வீட்டுக்கு வந்து விளக்குப் போடாம உக்காந்திருந்தேன். ஆறு மணிக்கு இவர் வந்தார். விளக்கைப் போட்டதும் என் விரலைப் பார்த்துப் பதறிட்டார். "ஐயையோ, என்னம்மா ஆச்சு? ரொம்ப வலிக்குதா?" உண்மையான பதற்றம்தான். அதைத்தான் என்னால இன்னிக்கு வரைக்கும் தாங்க முடியலை.

"ஊசி போட்டாச்சா?"ன்னேன்.

"ஆச்சும்மா. நர்ஸம்மா கூட உன்னை ரொம்ப விசாரிச்சாங்க."

"எந்தக் கை?"

இடது கையைக் காட்டினார். வட்டப் பிளாஸ்திரி. நான் எழுந்து போய் அதை ஒரே இழுப்பா உரிச்சேன். உள்ள ஒண்ணும் இல்ல. ஒரு புள்ளி, ஒரு சிவப்பு, ஒண்ணும் இல்ல. முடி ரெண்டு ஒட்டிக்கிட்டு வந்துச்சு, அவ்வளவுதான்.

"வலது கையால ஒட்டினா இடது கையிலதானே ஒட்ட முடியும்"ன்னேன். "இன்னிக்கு மூணு மணியிலிருந்து நான் அங்கதான் உக்காந்திருந்தேன்."

மனுஷன் அப்படியே தரையில உக்காந்துட்டார். உக்காந்தபடியே சொன்னார். பதினாலாவது ஊசியாம். போட்டுப் பத்து நிமிஷத்துல உள்ளங்கை அரிச்சு, உடம்பெல்லாம் தடிச்சு, தொண்டை அடைச்சுக்கிச்சாம். தொடையில வேற ஊசி போட்டுப் படுக்க வச்சு, ரெண்டு மணி நேரம் கழிச்சு அனுப்பினாங்களாம். இது எப்பவாவது ஆகும், அளவைக் குறைச்சுத் தொடரலாம்னு டாக்டர் சொன்னாராம். "செத்துட்டேன்னே நினைச்சேம்மா. அப்புறம் அந்த வாசப்படி ஏறக் கால் வரலை." அடுத்த வியாழன் மருந்துக் கடையில ஒரு பாக்கெட் பிளாஸ்திரி வாங்கினாராம். சாப்பாட்டுப் பையோட பக்கவாட்டு ஜிப்புல இருந்துச்சு, நானே எடுத்துப் பார்த்தேன். அது ரெண்டாவது பாக்கெட்.

"அப்போ வியாழக்கிழமை எங்க போவீங்க?"

"டிப்போ ரெஸ்ட் ரூம்ல... கேரம்." ஃபிளாஸ்க்கைப் பார்த்தார். நானும் பார்த்தேன். யூனியன் குடுக்கலை அதை. போட்டியில ரெண்டாம் பரிசு.

சத்தியமாச் சொல்றேன், பயந்துட்டேன்னு அவர் சொன்னப்போ எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. அன்னிக்கே வந்து சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்? கூட வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். பயத்தை மன்னிச்சிடலாங்க.

"சரி, பயந்தீங்க. அந்த அஞ்சு வருஷம் யார் சொன்னது?"

நான் உரிச்சுப் போட்ட பிளாஸ்திரியைத் தரையிலிருந்து எடுத்து மடிச்சார்.

"டாக்டரைப் பார்த்தே ரெண்டரை வருஷம் ஆச்சு. அஞ்சு வருஷம்னு ரெண்டு வாரம் முன்னாடி சொன்னது யாரு?"

தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொன்னார். "உன் வேலை வெளிய போனதும் தும்மலும் நின்னுடுச்சும்மா. வீடு இப்படியே இருந்தா நல்லா இருக்கேன்னு... அப்படியே விட்டுட்டேன்."

அப்போதான் எனக்கு முழுசா விளங்குச்சு. ஊசியாவது ஒண்ணாவது. அவரைக் குணமாக்கினது என் யானை ஷெட்டுல கிடந்ததுதான். நான் விசிலுக்குப் பயந்து பாத்ரூமை அடக்கிக்கிட்டு உக்காந்தது. காலர், காலர், காலர். மருந்தே நான்தான். அது தெரிஞ்சுக்கிட்டேதான் ஊர் முன்னாடி சட்டையை மடிச்சு ஊசிக்கு நன்றி சொன்னார். பக்கத்துல நின்னு நான் தலையாட்டினேன் பாருங்க, அதை நினைச்சாத்தான் எனக்கு வயிறு பத்தி எரியுது.

"எழுந்திரு"ன்னேன். இருபத்தாறு வருஷத்துல முதல் தடவையா நீன்னு சொன்னேன். அவர் எழுந்தார்.

"மூணு வருஷம் என் மெஷின் எங்க அண்ணன் வீட்டுல இருந்துச்சு. இனி நீ உன் தங்கச்சி வீட்டுல இரு. ஞாயித்துக்கிழமை யானை வருது. யானையும் நீயும் ஒரே வீட்டுல இருக்க முடியாதுன்னு டாக்டரே சொல்லியிருக்கார்."

விளையாட்டுக்குச் சொல்றேன்னு நினைச்சிட்டார். ஞாயித்துக்கிழமை அண்ணன் நாலு ஆளோட வண்டியில வந்து இறங்கினதும்தான் பையை எடுத்தார். அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "என்ன இருந்தாலும் புருஷன்மா"ன்னார். "உன் ஷெட்டுதான் இப்போ காலியாயிடுச்சேண்ணே, அவரை அங்க வைக்கலாமா?"ன்னேன். அண்ணன் போய் மெஷினைக் கால் பக்கம் பிடிச்சுத் தூக்கினார். பெல்ட் மாட்டி, எண்ணெய் விட்டு, பெடலை அழுத்தினதும் அந்தச் சத்தம் வந்துச்சு பாருங்க, நான் உக்காந்து அழுதுட்டேன்.

தெருவுல பேசாம இருப்பாங்களா? கொஞ்சம் தூசிக்காகப் புருஷனையே விரட்டிட்டான்னு பேசுறாங்க. பேசட்டும். பேசுறவங்க வீட்டு சோபாவும் என்கிட்டதான் வருது.

ரெண்டு மாசம் ஆச்சு. டிப்போவுல லீவு சொல்லிட்டு, டாக்டர்கிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு, முதல் துளியிலிருந்து திரும்ப ஆரம்பிச்சிருக்கார்னு நாத்தனார் போன்ல சொன்னா. நான் "அப்படியா"ன்னேன். பிளாஸ்திரியைத்தான் நூறு தடவைக்கு மேல பார்த்தவ நான்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் வாசல்ல வந்து நின்னார். உள்ள வரலை. நான் ஒரு பழைய சோபாவைக் கிழிச்சுப் போட்டிருந்தேன், ரூம் முழுக்கத் தூசி. மேல போட்டிருந்த வேலைச் சட்டையைக் கழட்டி உதறி வச்சுட்டு, கதவைச் சாத்திக்கிட்டுத்தான் வெளிய போனேன். எனக்கே என் மேல ஆத்திரமா வந்துச்சு, இந்தப் பாழாப்போன மனசு இன்னும் அவர் மூச்சைப் பத்தித்தான் யோசிக்குது.

பேசாம வலது கைச் சட்டையை மடிச்சார். பிளாஸ்திரி. நான் உரிச்சேன். நடுவுல ஒரு சிவப்புப் புள்ளி, சுத்தி வீங்கியிருந்துச்சு. தொட்டுப் பார்த்தேன். நல்லாச் சுட்டுது. அவர் என் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தார், பழைய மாதிரி ஒரு வார்த்தை வருமான்னு.

உள்ள போய்த் துணியில ஐஸ் கட்டி எடுத்துட்டு வந்தேன். நான் வைக்கலை. அவர் இடது கையில குடுத்தேன். அவரே வச்சுக்கிட்டார்.

"நான் எப்போ வீட்டுக்கு வரலாம்மா?"ன்னார், சின்னக் குரல்ல.

"மூணே வருஷம்தான்"னேன். "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். அஞ்சு ஆனாலும் ஆகும்."

சொல்லிட்டு உள்ள வந்து, பாதியில விட்ட தையலை முடிச்சேன்.